கடவுளைக் காபி குடிக்க வைத்தவர்

(நம்ம ஊர் எழுத்தாளர் புதுமைப்பித்தனின் வாழ்க்கைக் கதை)



போன மாதம் நூலக வகுப்பில் ஒரு சின்னச் சண்டை. ஹாரி பாட்டர் புத்தகம் ஒண்ணுதான் இருந்தது. கேட்டவங்க நாலு பேர். கடைசியில் கிடைக்காமப் போன ஒருத்தன் கோபத்தில், இந்த மாதிரி மாயக்கதை எல்லாம் வெள்ளைக்காரங்களுக்குத்தான் எழுத வரும், தமிழ்ல எங்க இருக்குன்னு சலிச்சுக்கிட்டான். எங்க தமிழ் ஐயா ஒண்ணும் சொல்லலை. எழுந்து போய் அலமாரியில் இருந்து அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். ஒரு கதையின் பக்கத்தைத் திறந்து, சத்தமா வாசிக்கச் சொன்னார்.

அந்தக் கதை இதுதான். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேருகிற முக்கில் கந்தசாமிப் பிள்ளைன்னு ஒருத்தர் நிற்கிறார். டிராம் வண்டியில் போகலாமா, நடந்து போய் அந்தக் காசுக்கு வெற்றிலை வாங்கலாமான்னு அவருக்கு ஒரே யோசனை. அப்போ ஒரு பெரியவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். அவர் யார் தெரியுமா? சாட்சாத் கடவுள்! பூலோகத்தைப் பார்க்க வந்திருக்கிறார். ரெண்டு பேரும் ஹோட்டலுக்குப் போய்க் காபி குடிக்கிறார்கள். கந்தசாமிப் பிள்ளை ஒரு சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர். கடவுளையே அதுக்கு ஆயுள் சந்தா கட்டச் சொல்லிக் கேட்கிறார்!

வகுப்பே சிரிச்சது. சண்டை போட்ட நாலு பேரும் அடுத்த பக்கம், அடுத்த பக்கம்னு வாசிக்கச் சொன்னாங்க. மணி அடிச்ச பிறகுதான் ஐயா சொன்னார், இதை எழுதினவர் நம்ம திருநெல்வேலிக்காரர்னு. அந்தக் கந்தசாமிப் பிள்ளைக்கும் கதையில் ஊர் மேலகரம். தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிற அதே மேலகரம்தான்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தத் தடவை சுவரிதழுக்கு இவரைப் பற்றித்தான் எழுதணும்னு.

ஊர் ஊராகச் சுற்றிய சிறுவன்

புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். நம்ம ஊர்க்காரர்னு சொல்லிட்டு, கடலூர்ல பிறந்தார்னு சொல்றியேன்னு கேட்காதீங்க. அவருடைய அப்பா சொக்கலிங்கம் பிள்ளைக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. தாசில்தார் உத்தியோகம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மாற்றல் வந்துகொண்டே இருக்கும். செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று அப்பா போகிற ஊரெல்லாம் பையனும் போய், அங்கங்கே படித்தான்.

அம்மா பர்வதத்தம்மாள் இவருக்கு எட்டு வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். நம்மில் சில பேருக்காவது தெரியும், அம்மா இல்லாத வீடு எப்படி இருக்கும்னு. பல வருஷம் கழிச்சு இவர் 'சிற்றன்னை' என்று ஒரு குறுநாவல் எழுதினார். அதை வைத்துத்தான் இயக்குநர் மகேந்திரன் 1979-இல் 'உதிரிப்பூக்கள்' படம் எடுத்தார். தாயில்லாத அந்த ரெண்டு குழந்தைகளைப் படத்தில் பார்த்து அழாத ஆட்கள் நம்ம வீட்டுப் பெரியவங்களில் கம்மி. கேட்டுப் பாருங்க.

அப்பா 1918-இல் ஓய்வு பெற்றதும் குடும்பம் திருநெல்வேலிக்கே திரும்பியது. பையனுக்கு அப்போ வயது 12. வண்ணாரப்பேட்டையில் குடியிருந்தார்கள். சுலோசன முதலியார் பாலத்தை நாம தினமும் பஸ்ஸில் தாண்டுகிறோமே, 1843-இல் கட்டிய அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் வண்ணாரப்பேட்டை. கீழே தாமிரபரணி. கரையில் படித்துறை, கோவில், மருத மரம், சுடுகாடு எல்லாம் அடுத்தடுத்து இருக்கிற ஆறு இது. இவர் கதைகளிலும் இது எல்லாமே வரும்.

ஒண்ணு கவனிச்சீங்களா? 12 வயது வரை இவர் வேற வேற ஊர்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். அதனால் நம்ம ஊர்ப் பேச்சு இவர் காதுக்குப் புதுசாகக் கேட்டிருக்க வேண்டும். நமக்கு அது வெறும் பேச்சு. தினமும் பேசுறதால நாம கவனிக்கிறதே இல்லை. வெளியே இருந்து வந்த பையன் அதைக் கவனித்துக் கேட்டிருக்கிறான் என்பது என்னுடைய எண்ணம். ஐயாவும் சரின்னுதான் சொன்னாங்க.

25 வயதில் பட்டம்

யோவான் பள்ளியில் பள்ளிப் படிப்பு. பிறகு நெல்லை இந்துக் கல்லூரி. பி.ஏ. பட்டம் வாங்கியது 1931-இல். வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்க, 25! நம்ம வீட்டில் சும்மா விடுவாங்களா? அவர் வீட்டிலும் விடவில்லை. தன்னைப் போலவே பையனும் சர்க்கார் உத்தியோகத்தில் உட்காரவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பையனுக்கோ பாடப் புத்தகத்தை விட மற்ற புத்தகத்தில்தான் மனசு. ஆங்கிலக் கதைகளைத் தேடித் தேடிப் படித்தார். அந்த ஆங்கிலத்தின் வழியாகப் பிரான்சு, ருசியா, ஜெர்மனி என்று பல நாட்டுக் கதைகளும் அவருக்குப் பழக்கமாயின. தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டே உலகம் சுற்றினார் என்று சொல்லலாம்.

1932-இல் திருமணம் நடந்தது. மனைவி கமலாவுக்குத் திருவனந்தபுரம். வீட்டில் அப்பாவோடு ஒத்துப்போகவில்லை. கையில் வேலையும் இல்லை. எழுதிப் பிழைக்கலாம் என்று சென்னைக்கு ரயில் ஏறினார்.

எழுதிப் பிழைக்கிறதா! இன்னைக்கே அது கஷ்டம். 90 வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

மணிக்கொடிக் காலம்

அவருடைய முதல் கட்டுரை 1933-இல் 'காந்தி' பத்திரிகையில் வந்தது. தலைப்பு 'குலோப்ஜான் காதல்'. தலைப்பிலேயே குறும்பு! அதே 1933-இல் 'மணிக்கொடி' என்ற பத்திரிகை தொடங்கியது. 1934-இல் இவருடைய 'ஆற்றங்கரைப் பிள்ளையார்' கதை அதில் வெளியானது. கவனிங்க, சென்னைக்குப் போயும் எழுத ஆரம்பிச்சது ஆற்றங்கரையைப் பற்றித்தான்.

புனைபெயரிலும் ஒரு குறும்பு இருக்கு. பித்தன் என்பது சிவபெருமானின் பெயர். பைத்தியம் என்றும் அர்த்தம். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், புதுமைக் கோட்டி! தானே தனக்குக் கோட்டின்னு பேர் வச்சுக்கிட்ட மனுஷர் இவர் ஒருத்தராத்தான் இருக்கும்.

மணிக்கொடியில் பேர் கிடைத்தது, சோறு கிடைக்கவில்லை. அந்தப் பத்திரிகையே காசுக்குத் திண்டாடியது. அதனால் 'ஊழியன்' பத்திரிகையிலும், பிறகு 'தினமணி' நாளிதழிலும் உதவி ஆசிரியராக வேலை பார்த்தார். தினமணியில் சுமார் எட்டு வருஷம். பகலில் செய்தியை மொழிபெயர்க்க வேண்டும், தலைப்புப் போட வேண்டும், பிழை திருத்த வேண்டும். மீதி நேரத்தில்தான் கதை. 1943-இல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் தினமணியை விட்டு விலகினார். இவரும் கூடவே வெளியே வந்துவிட்டார். பிறகு சொக்கலிங்கம் தொடங்கிய 'தினசரி'யில் 1944-இல் சேர்ந்தார்.

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்தேதான் விலகினார். இதில் அவரைப் பாராட்டுவதா, கமலா அம்மாவை நினைத்து வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மாயக்கதை எழுதுவது எப்படி?

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். இவருடைய மாயக்கதைகளில் அப்படி என்ன விசேஷம்? நாலைந்து கதைகளைப் படித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம். கதையில் நடக்க முடியாதது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். மற்றது எல்லாம் அச்சு அசல் நிஜம். கடவுள் வருகிறார், அது ஒண்ணுதான் மாயம். அதுக்கப்புறம் டிராம் காசு, ஹோட்டல் பில், வாடகை வீடு, கந்தசாமிப் பிள்ளையின் குழந்தை கடவுளோடு உட்கார்ந்து விளையாடுவது எல்லாமே நம்ம வீட்டில் நடப்பது போலத்தான் இருக்கும். அதனால் கடவுள் வந்ததையும் நம்பிவிடுகிறோம். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற இந்தக் கதை 1943-இல் 'கலைமகள்' பத்திரிகையில் வெளிவந்தது.

இரண்டாவது, பழைய கதையைப் புதுசாகக் கேள்வி கேட்பது. கௌதம முனிவரின் சாபத்தால் அகலிகை கல்லானாள், ராமர் பாதம் பட்டுப் பெண்ணானாள் என்பது நாம பாட்டியிடம் கேட்ட கதை. பாட்டி அதோடு நிறுத்திருவாங்க. புதுமைப்பித்தன் அதற்கு மேலே போகிறார். பெண்ணாகி எழுந்த அகலிகை அப்புறம் எப்படி வாழ்ந்தாள்? ஊர் என்ன பேசியது? ராமரே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னார் என்று கேள்விப்படும்போது அவள் மனசு என்ன பாடுபடும்? 'சாப விமோசனம்' கதையில் அதைக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். இந்த முடிவைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குச் சரியாத் தூக்கம் வரலை. எங்க அம்மாவிடம் கதையைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, சரியாத்தான் எழுதியிருக்காருன்னு மட்டும் சொன்னாங்க.

மூன்றாவது, எல்லாவற்றையும் விளக்காமல் விடுவது. 'காஞ்சனை' கதையில் ஒரு வீட்டுக்கு வேலைக்காரியாக ஒரு பெண் வருகிறாள். அவள் மனுஷியா, பேயா? கடைசி வரைக்கும் உறுதியாகச் சொல்லவே மாட்டார். இசக்கி, சுடலைமாடன் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பயம் என்றால் என்னன்னு நல்லாவே தெரியும். ஆனா தெரியாத ஒண்ணுதான் தெரிஞ்சதை விடப் பயமா இருக்கும் என்பதை இந்தக் கதையில்தான் பார்த்தேன்.

'காலனும் கிழவியும்' கதையில் யமனே ஒரு கிழவியிடம் வந்து, பேச்சில் தோற்று, வெறுங்கையோடு திரும்பிப் போகிறான். நம்ம ஊர் ஆச்சிமார் யாரிடமாவது பேசிப் பார்த்தவங்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது! 1945-இல் எழுதிய 'கபாடபுரம்' கதை, கடல் கொண்டுபோன பாண்டியர் தலைநகருக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது. இரண்டாம் தமிழ்ச் சங்கம் இருந்ததாகச் சொல்லப்படும் ஊர் அது. கொற்கைத் துறைமுகமும் புன்னைக்காயலும் இருக்கிற ஆற்றுப் பக்கத்தில் வளர்ந்தவருக்குக் கடலுக்கு அடியில் ஒரு ஊரைக் கற்பனை செய்வது கஷ்டமாகவா இருந்திருக்கும்?

போகாத ஊருக்கும் வழி தெரிந்தவர்

எழுத்தாளர் என்றால் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்து, பயணக் கட்டுரை எழுதுவார்கள் என்று நினைக்கிறோம். புதுமைப்பித்தன் பொழுதுபோக்குக்காகச் சுற்றிப் பார்த்தவர் இல்லை. அவர் போன பயணம் எல்லாம் வயிற்றுப்பாட்டுக்காகப் போனது. முதலில் அப்பாவின் மாற்றல், பிறகு சென்னையில் பத்திரிகை வேலை, கடைசியில் சினிமாவுக்காகப் புனே.

ஆனால் போகாத ஊரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 1935-இல் வந்த 'துன்பக்கேணி' கதையில், திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிராமத்துப் பெண் மருதி, வறுமையால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகிறாள். அங்கே அவள் படும் பாட்டைப் படித்தால், ஆசிரியர் வருஷக் கணக்கில் அங்கே இருந்தவர் என்றுதான் தோணும். ஆனால் அவர் இலங்கைக்குப் போனதே இல்லை. அந்தக் காலத்தில் நம்ம பக்கத்துக் கிராமங்களில் இருந்து தூத்துக்குடி வழியாக இலங்கைக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். திரும்பி வந்தவங்க சொல்கிற கதை ஊரெல்லாம் இருந்திருக்கும். காது கொடுத்துக் கேட்கிறவனுக்கு டிக்கெட் எதுக்கு?

'துன்பக்கேணி' என்ற சொல்லே பாரதியார் பாட்டில் வருவதுதான். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடும் பெண்களைப் பற்றிய பாட்டு அது. பாரதியாரும் பிஜிக்குப் போனதில்லை. எட்டயபுரத்தில் பிறந்து நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர் அவர். நம்ம பக்கத்து ஆட்கள் ரெண்டு பேர், போகாத தீவில் அழுத பெண்களுக்காக எழுதியிருக்கிறார்கள். இதை நினைச்சா பெருமையா இருக்கு.

இன்னொரு விஷயம். சென்னையில் இருந்துகொண்டு அவர் எழுதிய கதைகளில் நம்ம ஊர் ஆட்கள்தான் வருகிறார்கள். 'செல்லம்மாள்' கதையில் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தியும், நோயில் படுத்த அவர் மனைவியும். சொந்த ஊரை விட்டுச் சென்னையில் தனியாகக் கிடக்கும் அந்த ரெண்டு பேரின் கதை அது. அவர்கள் பேசுகிற பேச்சு நம்ம வீட்டுத் திண்ணைப் பேச்சு. கதைப் புத்தகம் என்றால் செந்தமிழ்தான் என்றிருந்த காலத்தில், நெல்லைப் பேச்சைத் தைரியமாக அச்சில் ஏற்றியவர்களில் இவர் முக்கியமானவர்.

நாம என்ன பண்றோம்? வெளியூருக்குப் போட்டிக்குப் போனால், நம்ம பேச்சைக் கேட்டு யாராவது சிரிச்சிருவாங்களோன்னு பயந்து, டிவியில் பேசுறவங்க மாதிரிப் பேசப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒளிச்சு வைக்கலை. இந்தக் கதைகளைப் படிச்ச பிறகு அந்தக் கூச்சம் கொஞ்சம் போயிருக்கு.

பிற நாட்டுக் கதைகள்

புதுமைப்பித்தன் சொந்தமாக எழுதிய சிறுகதைகள் சுமார் 100. அதோடு பிற நாட்டுக் கதைகள் 50-க்கும் மேல் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார். மேரி ஷெல்லி என்ற ஆங்கிலப் பெண்மணி 18 வயதில் எழுதத் தொடங்கி 1818-இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நாவலைக் கேள்விப்பட்டிருப்பீங்க. செத்தவர் உடல்களில் இருந்து ஒரு மனிதனை உண்டாக்கும் விஞ்ஞானியின் கதை. அதை 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். சண்டை போட்ட நாலு பேரும் குறிச்சு வச்சுக்கோங்க!

பிற நாட்டுக் கதைக்குத் தமிழ்ப் பேரும் தமிழ் ஊரும் வைத்துத் தழுவி எழுதுவது அப்போது வழக்கம். இது தப்பு, அந்த ஊர் மனிதர்களை அந்த ஊர்ப் பேரோடேயே மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும் என்று இவர் கடுமையாக வாதாடினார். நல்ல கொள்கைதான். ஆனால் இவருடைய ஆரம்பக் காலக் கதைகளிலேயே சில, மாப்பசான் என்ற பிரெஞ்சு எழுத்தாளரைத் தழுவியவை என்று பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பெரிய மனிதர் என்பதற்காக இதை மறைக்கத் தேவையில்லை. பழகும் காலத்தில் பார்த்து எழுதினார், பிறகு பார்க்காமல் எழுதும் அளவுக்கு உயர்ந்தார். ஆனாலும், நான் தழுவித்தான் எழுதினேன் என்று அவரே சொல்லியிருந்தால் இன்னும் நல்லா இருந்திருக்கும்.

அதே போல 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' ஆகிய கதைகளில் ஒடுக்கப்பட்ட மக்களைச் சித்திரித்த விதம் சரியில்லை என்று எதிர்ப்பு வந்து, 2014-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பாடத்திட்டத்தில் இருந்து நீக்கியது. இரக்கத்தோடு எழுதியவரிடமும் இப்படி ஒரு கேள்வி கேட்க இடம் இருக்கிறது. படிக்காமலே திட்டவும் வேண்டாம், படிக்காமலே கும்பிடவும் வேண்டாம். படிச்சுட்டுப் பேசுவோம்.

புனேயும் திருவனந்தபுரமும்

பத்திரிகைச் சம்பளம் போதவில்லை. சினிமாப் பக்கம் போனார். படங்களுக்குக் கதை வசனம் எழுதினார். அம்மாவின் பெயர் வரும்படி 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' என்று ஒரு படக் கம்பெனி தொடங்கிப் பார்த்தார். அது சரியாக வரவில்லை. கையில் இருந்ததும் போயிற்று.

கமலா அம்மா பெரும்பாலும் திருவனந்தபுரத்தில், இவர் சென்னையில். அப்போ திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவிலுக்கு ரயில் பாதையே கிடையாது. அது வந்தது 1981-இல்தான். திருவனந்தபுரத்துக்கு ரயில் என்றால் தென்காசி, செங்கோட்டை, கொல்லம் என்று மலையைச் சுற்றித்தான் போகவேண்டும். செல்போன் இல்லாத காலம். கடிதம் ஒண்ணுதான் வழி. அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற புத்தகமாக வந்திருக்கின்றன. கதையில் கடவுளையே கிண்டல் பண்ணுகிறவர், இந்தக் கடிதங்களில் பணம் அனுப்ப முடியலையே என்று தவிக்கிற சாதாரணக் கணவர். 1946-இல் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

எம்.கே. தியாகராஜ பாகவதர் 'ராஜமுக்தி' என்ற படம் எடுத்தார். படப்பிடிப்பு புனேயில். வசனம் எழுதப் புதுமைப்பித்தன் அங்கே போனார். இந்த முறையாவது காசு சேரும், குழந்தையோடு ஒரே வீட்டில் இருக்கலாம் என்ற நம்பிக்கையோடுதான் போயிருப்பார். அங்கே காசநோய் முற்றியது. அந்த நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தை அமெரிக்காவில் 1943-இல்தான் கண்டுபிடித்திருந்தார்கள். நம்ம நாட்டில் ஏழை எழுத்தாளர் கைக்கு எட்டுகிற மருந்தாக அது அப்போது இல்லை.

1948 மே மாதம், எலும்பும் தோலுமாகத் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். ஜூன் 30-ஆம் தேதி இறந்தார். வயது 42. குழந்தைக்கு ரெண்டு வயது. அவர் வசனம் எழுதிய 'ராஜமுக்தி' அதே வருஷம் அக்டோபரில் திரைக்கு வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

நம்ம வீட்டில் யாராவது, எனக்குக் கதை எழுத ஆசைன்னு சொன்னா பெரியவங்க ஏன் பயப்படுறாங்கன்னு இப்போ புரியுது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கு. வறுமையிலதான் நல்ல எழுத்து வரும்னு சிலர் பெருமையாச் சொல்வாங்க. எனக்கு அது சரியாப் படலை. இன்னும் 30 வருஷம் இருந்திருந்தால் இன்னும் எத்தனை கதை கிடைச்சிருக்கும்! வறுமை அவருக்குக் கதை கொடுக்கலை. கதை எழுத இருந்த நாளைத்தான் பிடுங்கிக்கிட்டது.

இன்றைக்கும் இருக்கிறார்

அவர் இறந்த மூன்றே வருஷத்தில், 1951-இல், அவருடைய இளைய நண்பரும் நம்ம திருநெல்வேலி எழுத்தாளருமான தொ.மு.சி. ரகுநாதன் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 2000-இல் ஆ.இரா. வேங்கடாசலபதி பழைய பத்திரிகைகளோடு ஒப்பிட்டு, பிழை திருத்தி, எல்லாக் கதைகளையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தார். 2002-இல் தமிழக அரசு புதுமைப்பித்தன் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. நாட்டுடைமை என்றால், இப்போது அவை நம்ம எல்லாருக்கும் சொந்தம் என்று அர்த்தம். யாரும் அச்சடிக்கலாம், நாடகமாகப் போடலாம். நம்ம ஆண்டு விழாவில் 'காலனும் கிழவியும்' நாடகம் போட்டால் யாரும் நம்மைக் கேட்க முடியாது! கிழவி வேஷத்துக்கு எங்க வகுப்பில் ஆள் தயார்.

கடைசியா ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். மாயக்கதை எழுத மாய உலகத்துக்குப் போக வேண்டியதில்லை. புதுமைப்பித்தன் கடவுளைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு சாதாரணக் காபி ஹோட்டலுக்கு. நமக்கு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் இருக்கு, படித்துறை இருக்கு, வாய் ஓயாத ஆச்சிமார் இருக்காங்க. நாளைக்கு வேலைக்காகச் சென்னைக்கோ, பெங்களூருக்கோ, துபாய்க்கோ நம்மில் பாதிப் பேர் போகத்தான் போறோம். போகும்போது நம்ம ஊர்ப் பேச்சையும் கூடவே கொண்டுபோவோம். அதுக்கு லக்கேஜ் கட்டணம் கிடையாது!

படித்துப் பாருங்கள்! (நம்ம நூலகத்திலேயே இருக்கு)

1. கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் – சிரிக்க
2. காலனும் கிழவியும் – சிரித்துக்கொண்டே யோசிக்க
3. காஞ்சனை – பயப்பட (ராத்திரி தனியா வேண்டாம்!)
4. சாப விமோசனம் – அம்மாவோடு சேர்ந்து படிக்க
5. துன்பக்கேணி – படித்துவிட்டு விவாதிக்க

படித்தவர்கள் தங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதி, சுவரிதழ்ப் பெட்டியில் போடவும். நல்ல கருத்துகள் அடுத்த இதழில் இடம்பெறும்.



– பதினோராம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு